செட்டு மாஸ்டர்

ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் குடும்பம், தொழில், கோபம், கொண்டாட்டம் எல்லாவற்றையும் நடத்தினார் என்று நான் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவர்கள் படித்தவர்கள். நான் மூணாங்கிளாஸோடு நின்றவன். ஆனால் இந்தப் புதுச்சேரியில் மூன்று கல்யாண மண்டபங்கள் என் உழைப்பில் எழும்பி நிற்கின்றன. ஆகையால் நான் பேசினால் உட்கார்ந்து கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்த வார்த்தை செட். அந்த மனிதர் எங்கள் பேண்டு மாஸ்டர். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் முத்தியால்பேட்டையில் யாருக்கும் ஆள் தெரியாது. செட்டு மாஸ்டர் என்றால் தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டு வந்து சேருவார்.

எழுபதுகளில் கல்யாணம், சாவு, மாதா கோவில் தேர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிற சொல்தாக்கள் வீட்டு விசேஷம், எதுவானாலும் தெருவில் முன்னால் நடப்பது சிவப்புக் கோட்டுப் போட்ட நாங்கள் ஒன்பது பேர்தான். மாஸ்டர் கிளாரினெட். நான் சைடு டிரம். என்னைப்போல் உருட்டி அடிக்க அன்றைக்குக் கடலூர் வரைக்கும் ஆள் கிடையாது. நானாகச் சொல்லவில்லை, கேட்டவர்கள் சொன்னதைச் சொல்கிறேன்.

காலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து "ஒரு செட்டு" என்றால் டீயும் இரண்டு பொறையும். வானம் கறுத்தால் "மழை செட்டாவுது." பூசின சிமெண்டு இறுகினால் செட்டு. குழம்பில் உப்பும் புளியும் ஒத்துப்போனால் செட்டு. கிளாரினெட்டின் ரீடு, வாயில் வைக்கிற அந்த நாணல் சீவல், உதட்டுக்குப் பழகிவிட்டால் செட்டு. நாலு பையன்கள் சேர்ந்து கடற்கரையில் திரிந்தால் அது ஒரு செட்டு. யாரையாவது கவிழ்க்க ரெண்டு பேர் முன்கூட்டியே பேசி வைத்திருந்தால், கண்ணைச் சுருக்கி, "இது செட்டுடா" என்பார். பிடிக்காத ஆளைப் பற்றிக் கேட்டால் "செட்டாவல" என்பதோடு சரி. ஏன் என்று கேட்டாலும் அதற்கு மேல் ஒரு சொல் வராது.

"எங்கப்பாவுக்குப் பிரெஞ்சு தெரியும். எனக்கு இங்கிலீஷு தெரியும்" என்று அடிக்கடி சொல்வார். எவ்வளவு தெரியும் என்று கேட்டால், "தேவைக்கு இருக்குது" என்பார்.

ஒரு தடவை சொல்தா ஒருவர், நல்ல உயரம், மீசை, ஒயின் வாசனை, மாஸ்டரைச் சீண்டினார்.

"என்னா மாஸ்டர், வச்சிருக்கறது ஒரே வார்த்த. அதையே எல்லாத்துக்கும் போட்டுத் தேய்க்கறியே?"

"ஒங்க பிரெஞ்சுல நாக்காலி பொம்பள, ஜன்னலு பொம்பள, சுவரு ஆம்பளயாமே. இவ்ளோத்தையும் மண்டையில தூக்கிக்கினு எப்டிய்யா ரோட்டுல நடக்கற? எனக்கு ஒண்ணு போதும். பாக்கெட்டுல போட்டுக்குவேன்."

சொல்தா சிரித்துவிட்டு அன்றைக்கு எங்கள் ஒன்பது பேருக்கும் பிரியாணி போடச் சொன்னார்.

ஆனால் அந்த வார்த்தைக்கு அவர் மனசில் ஓர் அர்த்தம் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. சேர்ந்திருக்கிறதைப் பிரிக்கக் கூடாது என்பது. காலாப்பட்டுப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் கல்யாணத்துக்குப் போக பஸ் ஏறினோம். பெரிய டிரம்மைப் பார்த்ததும் கண்டக்டர் கதவை மறித்தார்.

"இத்தினி பேரு, இத்தினி சாமான் ஏறாது. பாதிப் பேரு இதுல வா. மிச்சம் அடுத்த வண்டி."

மாஸ்டர் ஜன்னல் ஓரம் நல்ல சீட்டாகப் பிடித்து உட்கார்ந்திருந்தவர், எழுந்து இறங்கிவிட்டார். "எல்லாம் எறங்குங்கடா."

"மாஸ்டர், பாதிப் பேரு முன்னால போயி ஆரம்பிச்சிக்கினு இருக்கலாமே" என்றேன் நான்.

"கால இங்க வுட்டுட்டு ஒடம்ப மட்டும் அனுப்பறியா? செட்ட ஒடைக்காத. எறங்கு."

கடைசியில் மீன் இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு டெம்போவில், ஐஸ் தண்ணீர் சொட்டுகிற பெட்டிகளுக்கு நடுவே குந்தியபடி போய்ச் சேர்ந்தோம். குப்பத்தில் எங்கள் வாசனையை யாரும் கவனிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் கவனித்தார்கள்.

இன்னொரு தடவை ஒரு சாவு வீடு. வசதியில்லாதவர்கள். ஒரு கிளாரினெட், ஒரு டிரம் மட்டும் வந்தால் போதும் என்று கேட்டார்கள். மாஸ்டர் முடியாது என்றார். அந்த வீட்டுப் பையன் முகம் தொங்கிப்போனது. "ரெண்டு பேரு வர மாட்டோம்பா. ஒம்போது பேரும் வருவோம். நீ ரெண்டு பேருக்குக் குடு" என்றார். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் துணி மில்லில் ஷிப்டு மாற்றிக்கொண்டு வருகிறவர்கள். வழியெல்லாம் முணுமுணுத்தார்கள். மாஸ்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆள் யாராவது காய்ச்சலில் படுத்தால் அன்றைய வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடுகிற மனிதரிடம் எதைப் பேசுவது? எனக்கு அந்த வயசிலேயே வியாபாரப் புத்தி உண்டு. இது தேறாத கணக்கு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவரை விட்டு நான் போகவில்லை.

அவருக்கு ஒரே பெண். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தப் பெண்ணுக்கு லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸில் இருந்த ஒரு குமாஸ்தாப் பையனை நிச்சயம் செய்தார்கள். பையனின் அப்பா மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நூல் பிடித்த மாதிரி பேசுகிற ஆள். வெற்றிலைத் தட்டு மாறின பிறகு அவர் சொன்னார்:

"சம்பந்தி, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். எம்பையன் ஊர்வலமா வந்து நிக்கையில, பொண்ணோட அப்பா வாசல்ல நின்னு, வாயத் தொறந்து 'வாங்க'ன்னு கூப்புடணும். கூப்புடாம எங்க ஆளு ஒருத்தரும் படியேற மாட்டாங்க. எங்க வழக்கம் அது. நீங்க பாட்டுக்குப் பேண்டோட சேந்து வந்தீங்கன்னா, வாசல்ல யாரு நிக்கறது? அன்னிக்கு ஒரு நாளு வேற செட்ட வச்சிக்கலாமே?"

மாஸ்டர் பதில் சொல்வதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் வந்தது. "யப்பா, ஊருல இருக்கற பொண்ணுக்கெல்லாம் ஊதுன. எனக்கு வேற ஆளா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். "அழுவாத. நாந்தான் ஊதுவேன்" என்று உள்பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டு, சம்பந்தி பக்கம் திரும்பினார். "பேண்டு மாப்பிள்ளைக்கு முன்னாலதான நடக்குது? அப்போ ஒங்களுக்கு முன்னாடியே நான் எங்க வூட்டு வாசலுக்கு வந்துடுவேன். எங்காளுங்க ரெண்டு பக்கமா ஒதுங்குவானுவ. நான் படிகிட்டப் போயி திரும்பி நின்னன்னா செட்டு."

மேஸ்திரி அதைப் புரட்டிப் பார்த்தார். அதில் ஓட்டை ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது. "சரி" என்றார்.

மகளுக்கு ஒரு வாக்கு, சம்பந்திக்கு ஒரு வாக்கு. இரண்டையும் ஒரே வாயால் கொடுத்தார். அந்த வாய்தான் மூன்று மாதத்தில் காலை வாரியது.

வைகாசியில் ஒரு ஊர்வலத்தில் ஊதிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டுத் துண்டால் வாயைப் பொத்தினார். மேல்வரிசையில் முன்பல் ஆடிப்போய்விட்டது. ஈறு ஏற்கெனவே அழுகியிருந்திருக்கிறது. வெற்றிலையும் பீடியும் அவருக்குப் பிரியமான செட்டு. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ஒன்றும் தேறாது என்று ஆனி மாதத்துக்குள் மேலும் கீழும் அத்தனையையும் பிடுங்கிவிட்டார்கள்.

கிளாரினெட் ஊதுகிறவனுக்கு மேல்பல் போனால் தொழில் போனது. மேல்பல் மவுத் பீஸின் மேல் உட்கார வேண்டும். கீழுதடு ரீடைத் தாங்க வேண்டும். வெறும் ஈறில் வைத்து ஊதினால் காற்றுதான் வரும். கல்யாணம் ஆவணியில். நான் போய்ச் சொன்னேன்:

"மாஸ்டர், கடலூர்ல ஒரு ஆளு இருக்கான். கிளாரினெட்டு நல்லா ஊதுவான். கல்யாணத்துக்கு மட்டும் அவன வச்சிக்கலாம். நீங்க வேட்டி சட்டையோட வாசல்ல நில்லுங்க."

துண்டு பொத்தின வாயிலிருந்து பதில் வந்தது. "எம்பொண்ணுக்கு வேற எவனோ வாயா? செட்டாவாது போ."

அந்தத் துண்டைத்தான் சொல்ல வேண்டும். பல் போன நாளிலிருந்து அது அவர் வாயை விட்டு இறங்கவில்லை. வாட்டசாட்டமான ஆள், சிவப்புக் கோட்டில் பித்தளைப் பொத்தான் மின்ன நடந்தவர், பொக்கை வாயோடு மனிதர் முன்னால் நிற்கக் கூசினார். பெண்டாட்டி எதிரில்கூடச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கஞ்சி குடித்தார்.

பெரிய மார்க்கெட் பின்னால் பல் கட்டுகிறவர் ஒருவர் இருந்தார். சைகோனில் தொழில் கற்றுக்கொண்டு, அங்கே சண்டை முற்றினதும் குடும்பத்தோடு ஊர் திரும்பியவர். எல்லோரும் அவரை முசே, பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள். நான்தான் மாஸ்டரை அழைத்துப் போனேன். மாஸ்டர் கையில் கிளாரினெட் பெட்டி. எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

முசே மெழுகைச் சூடுபண்ணி வாயில் வைத்து, "மெதுவா கடிங்க" என்றார். மாஸ்டர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். பெட்டியைத் திறந்து மவுத் பீஸை எடுத்தார்.

"இத வாயில வச்சிக்கினு கடிக்கறேன். அந்த அளவுக்குக் கட்டுங்க."

"என்னாது? அத வச்சிக் கடிச்சா வாய் மூடாது மாஸ்டர். மேலுக்கும் கீழுக்கும் அளவு தப்பாப் பூடும்."

"எனக்குத் திங்கறதுக்குப் பல்லு வேணாம் முசே. கஞ்சி குடிச்சிக்கறேன். ஊதறதுக்கு வேணும். செட்டுன்னா எதுக்குப் பண்றமோ அதுக்கு செட்டாவணும்."

"நான் இத்தினி வருசத்துல இப்டிக் கட்டுனதில்ல."

"நானும் இத்தினி வருசத்துல பல்லு இல்லாம இருந்ததில்ல. கட்டுங்க."

முசே என்னைப் பார்த்தார். எனக்கே அது நியாயமாகத்தான் பட்டது. கோட்டுக்கு அளவு எடுக்கும்போது கோட்டுப் போடுகிற மாதிரிதானே நிற்கிறோம் என்று நானும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னேன். முசே தலையில் அடித்துக்கொண்டு அளவு எடுத்தார்.

பல் வந்த அன்று, கடை வாசலிலேயே மாஸ்டர் கிளாரினெட்டை எடுத்துப் பொருத்தி ஊதினார். நான் பொய் சொல்லவில்லை, பல் இருந்த காலத்தில்கூட அப்படி வந்ததில்லை. மார்க்கெட்டுக்கு வந்த பொம்பளைகள் கூடையோடு நின்றுவிட்டார்கள். முசே தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டு கையைக் கட்டி நின்றார். மாஸ்டர் கண்ணில் தண்ணீர்.

அப்புறம் கிளாரினெட்டை இறக்கிவிட்டு எதையோ சொல்ல வாயைத் திறந்தார். "ஹஹா" என்று வந்தது. மறுபடி முயன்றார். மவுத் பீஸைக் கடித்துத் திறந்திருந்த வாய்க்கு எடுத்த அளவு அது, மவுத் பீஸை எடுத்த பிறகும் பல் வாயை மூட விடவில்லை. உதடு இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. கடைவாயில் எச்சில் வழிந்தது. பேசவும் முடியாது, மெல்லவும் முடியாது. மவுத் பீஸை வைத்தால் மட்டும் அத்தனையும் கச்சிதம்.

"நான் சொன்னனா இல்லியா?" என்றார் முசே. "குடுங்க, ராவித் தர்றேன்."

மாஸ்டர் பல்லைக் கழற்றிக் கைக்குள் மறைத்துக்கொண்டு, துண்டுக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "தொடாதீங்க. ஒரு இழை கொறைஞ்சாலும் ஊதறது கெட்டுடும்."

"அப்போ திங்கறதுக்கும் பேசறதுக்கும் வேற ஒண்ணு பண்ணிக்குங்க. ஆவணி தாண்டிடும், பரவால்லியா?"

"ஒரு வாய்க்கு எத்தினி செட்டு முசே?" என்று எழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்தப் பல் கிளாரினெட் பெட்டிக்குள், மவுத் பீஸுக்குப் பக்கத்தில், நீல வெல்வெட்டுப் பள்ளத்தில் குடியிருந்தது. ஊத வேண்டிய நேரத்தில் முதுகைத் திருப்பி மாட்டிக்கொள்வார். முடிந்ததும் முதுகைத் திருப்பிக் கழற்றுவார். வேலை பேச வருகிறவர்களிடம் என்னைத்தான் பேசச் சொன்னார். நான் பேசுவதற்குப் பழகியது அப்போதுதான். ஒரு தடவை வாய் திறந்தேன் என்றால் எதிராளி சரி என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பான். இன்றைக்கும் அப்படித்தான்.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் மாஸ்டர் சம்சாரம் என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார்.

"தம்பி, நீயாச்சும் சொல்லு. அந்தப் பல்ல மாட்டிக்கினு கண்ணாடி முன்னாடி நின்னு 'ஆங்க, ஆங்க'ன்றாரு. அதுதான் 'வாங்க'வாம். பல்ல எடுத்துட்டுக் கூப்புடுங்களேன்னேன். பொக்க வாயோட சம்பந்தி எதிர்ல நிக்க மாட்டேன்றாரு. அந்த மேஸ்திரி வாயத் தொறந்து கூப்புடணும்னு சொன்ன மனுசன் ஆச்சே?"

"விடுங்கக்கா, நான் பக்கத்துலதான இருக்கேன், பாத்துக்கறேன்" என்றேன்.

ஆவணியில் ஒரு சாயங்காலம். பிள்ளையார் கோவிலில் இருந்து மாப்பிள்ளை ஊர்வலம் கிளம்பியது. நாங்கள் ஒன்பது பேரும் சிவப்புக் கோட்டில். மாஸ்டர் கோட்டுக்குக் கீழே பட்டு வேட்டி கட்டியிருந்தார், பெண்ணின் அப்பா இல்லையா. அன்றைக்கு அவர் ஊதியதை நான் வருணிக்கப் போவதில்லை. தெரு இரண்டு பக்கமும் மாடியிலும் திண்ணையிலும் ஆட்கள் நின்றார்கள். மில் விட்டு வந்தவர்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டே கூட நடந்தார்கள்.

அவர் சொன்ன மாதிரியே பந்தல் வாசலில் நாங்கள் இரண்டு பக்கமாக ஒதுங்கினோம். பாட்டு பாதியில் இருந்தது. மாஸ்டர் நடுவே நடந்து படியருகில் போய்த் திரும்பினார். கிளாரினெட்டை இறக்கினார். நாங்களும் நிறுத்தினோம். டியூப் லைட் வெளிச்சம் நேராக அவர் முகத்தில். எதிரே மேஸ்திரி, மாப்பிள்ளை, அவர்கள் ஜனம்.

மாஸ்டர் கைகூப்பினார். "ஆங்க" என்றார்.

யாரும் நகரவில்லை.

"ஆங்க... ஹஹந்தி... ஆங்க." எச்சில் தெறித்து மோவாயில் வழிந்தது. பேச்சு குழறியது.

மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர், வெளியூரிலிருந்து வந்து பின்னால் நின்றவர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "என்னாய்யா இது, பொண்ணோட அப்பன் ஃபுல்லா ஏத்திக்கினு வந்து நிக்கறான்! வாயே தொறக்க வரல. பாண்டிச்சேரியில பொண்ணு எடுக்காதீங்கன்னு அப்பவே சொன்னனா?"

இந்த ஊரில் தெருவுக்கு ஒரு சாராயக்கடை. அந்தப் பேச்சை நம்பாமல் இருக்க யாருக்கும் காரணம் இல்லை. சலசலப்பு எழும்பியது. "நில்லு, போவாத", "பையன இந்தாண்ட இழு" என்று குரல்கள். மேஸ்திரி முகம் இறுகிவிட்டது. மாப்பிள்ளையின் கையை யாரோ பிடித்தார்கள். படிக்கு உள்ளே நின்றிருந்த மாஸ்டர் சம்சாரம் ஆரத்தித் தட்டோடு அப்படியே உறைந்துபோனார்.

நான் டிரம்மை இறக்கி வைத்துவிட்டு முன்னால் பாய்ந்தேன். என் வாயில் வார்த்தை தயாராக இருந்தது. மாஸ்டர் என் மார்பில் கைவைத்துத் தள்ளி நிறுத்தினார். தள்ளின வேகத்தில் நான் தடுமாறினேன்.

அப்புறம் அவர் முதுகைத் திருப்பவில்லை. துண்டைத் தேடவும் இல்லை. அத்தனை ஜனத்துக்கும் எதிரே, வெளிச்சத்தில், இரண்டு விரலை வாய்க்குள் விட்டு மேல்பல்லை எடுத்தார். கீழ்ப்பல்லை எடுத்தார். எச்சில் நூலாகத் தொங்கியது. இடது உள்ளங்கையில் இரண்டையும் வைத்து, எல்லோரும் பார்க்கிற மாதிரி நீட்டினார். கன்னம் உள்ளே ஒட்டிப்போய், மூக்கு மோவாயைத் தொடுகிற மாதிரி, அதுவரை நாங்கள் ஒருத்தரும் பார்த்திராத கிழவர் ஒருவர் அங்கே நின்றார்.

"வாங்க சம்பந்தி" என்றார். காற்றோடு வந்தாலும் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. "நான் குடிக்கல. பல்லு ஊதறதுக்குக் கட்டுனது, பேச்சுக்கு ஒதவாது. வாங்க மாப்பிள்ளை. எல்லாரும் உள்ள வாங்க."

மேஸ்திரி இரண்டு எட்டு முன்னால் வந்தார். குனிந்து, மாஸ்டரின் உள்ளங்கையில் இருந்ததை உற்றுப் பார்த்தார். தறியில் அறுந்த இழையைப் பார்க்கிற மாதிரி அவ்வளவு நிதானமாகப் பார்த்தார்.

"இத வச்சிக்கினா கோவில்லேருந்து ஊதிக்கினு வந்தீங்க?"

"ஆமா."

"சாப்புடறதுக்கு?"

"கஞ்சி."

மேஸ்திரி நிமிர்ந்தார். பின்னால் திரும்பி, "எவனும் எடத்த விட்டு அசையக் கூடாது" என்று தன் ஜனத்தைப் பார்த்து ஓர் அதட்டல் போட்டார். மாப்பிள்ளையைப் பிடித்திருந்த கை விலகியது. மாஸ்டரிடம் சொன்னார்:

"கூப்புட்டீங்க, வந்தாச்சு. பாட்ட ஏன் பாதியில நிறுத்துனீங்க? பொண்ணு உள்ள கேட்டுக்கினு இருக்கும். மாட்டிக்குங்க. முடிங்க. நாங்க நிக்கறோம்."

மாஸ்டர் வேட்டி முனையில் பல்லைத் துடைத்து, அப்படியே நின்ற இடத்தில் மாட்டிக்கொண்டார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நான் டிரம்மை எடுத்துத் தோளில் போட்டேன். விட்ட இடத்திலிருந்து எடுத்தோம்.

மேஸ்திரி படியருகில் கைகட்டி நின்று முழுவதும் கேட்டார். மாஸ்டர் கிளாரினெட்டை வாயிலிருந்து இறக்கிய பிறகுதான் குனிந்து, படியேறச் செருப்பைக் கழற்றினார்.